டிஸ்க் உண்மையிலேயே நழுவுகிறதா? முதுகுத்தண்டு ஜவ்வு பிதுங்கினால் என்ன ஆகும், ஆபரேஷன் யாருக்குத் தேவை?

கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிந்திருப்பார். இல்லையென்றால் காஸ் சிலிண்டரைக் கொஞ்சம் நகர்த்தியிருப்பார். சில நேரம் அவ்வளவுகூட இருக்காது, பலமாக ஒரு தும்மல், அவ்வளவுதான். இடுப்பில் 'சுரீர்' என்று ஒரு வலி. நிமிர முடியாது. இரண்டு நாளில் அந்த வலி பிட்டம் வழியாக இறங்கி தொடை, கெண்டைக்கால், பாதம் வரை கரண்ட் பாய்வது போல ஓடும்.

ஸ்கேன் எடுத்தால் ரிப்போர்ட்டில் 'எல்4-எல்5 டிஸ்க்' என்று ஏதோ எழுதியிருக்கும். "டிஸ்க் நழுவிடுச்சாம். இனிமே அவ்வளவுதானா? ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணுமா?" என்பதுதான் வீட்டில் எழும் முதல் கேள்வி.

பெரும்பாலானவர்களுக்குப் பதில், 'ஆபரேஷன் தேவையில்லை' என்பதுதான். ஆனால் மிகச் சிலருக்கு ஒரு நாள் தாமதம்கூட வாழ்நாள் பாதிப்பாக மாறிவிடும். இந்த இரண்டு நிலைகளையும் பிரித்துப் பார்ப்பது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

டிஸ்க் என்றால் என்ன?

நம் முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய முள்ளெலும்புகளின் வரிசை அது. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, கீழ்முதுகில் 5. அதற்குக் கீழே ஒன்றோடொன்று ஒட்டிப்போன திரிக எலும்பும் வால் எலும்பும் இருக்கின்றன.

அசையும் இந்த எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருப்பவைதான் டிஸ்க்குகள். மொத்தம் 23. பேச்சுவழக்கில் 'ஜவ்வு' என்று சொல்வது இதைத்தான். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையில் மட்டும் டிஸ்க் கிடையாது.

ஒவ்வொரு டிஸ்க்கிலும் இரண்டு பகுதிகள் உண்டு. வெளியே, வெங்காயத்தின் அடுக்குகள் போல சுற்றிச் சுற்றி அமைந்த உறுதியான நார் வளையம். உள்ளே, ஜெல்லி போன்ற மென்மையான மையம். இளம் வயதில் இந்த மையத்தில் சுமார் 80 சதவீதம் தண்ணீர்தான். நடக்கும்போதும் குதிக்கும்போதும் வரும் அதிர்ச்சியைத் தாங்குவது இதுதான்.

பகல் முழுக்க உடல் எடை அழுத்துவதால் டிஸ்க்கிலிருந்து கொஞ்சம் தண்ணீர் வெளியேறும். இரவில் படுத்தால் மறுபடி ஊறும். அதனால்தான் காலையில் அளந்தால் நாம் இரவைவிட 1 முதல் 2 செ.மீ. வரை உயரமாக இருப்போம்.

டிஸ்க்குக்கு ஒரு பலவீனமும் உண்டு. வளர்ந்த மனிதரின் டிஸ்க்குக்குள் ரத்தக்குழாய்கள் கிட்டத்தட்ட இல்லை. பக்கத்து எலும்பிலிருந்து கசிந்து வரும் சத்தை வைத்துத்தான் அது உயிர்வாழ்கிறது. அதனால் தேய்மானம் தொடங்கிவிட்டால், தோலில் பட்ட காயம் ஆறுவது போல சீக்கிரம் ஆறாது.

உண்மையில் 'நழுவுகிறதா'?

இல்லை. கேரம் போர்டு காய் மாதிரி டிஸ்க் எங்கேயும் வழுக்கிப் போவதில்லை. மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு அது இறுக்கமாக ஒட்டியிருக்கிறது. 'நழுவியதை உள்ளே தள்ளிவிடலாம்' என்று சிலர் சொல்வது இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

உண்மையில் நடப்பது பிதுங்கல். வயதாக ஆக மையத்தில் தண்ணீர் குறையும், நார் வளையத்தில் நுண்ணிய விரிசல்கள் விழும். ஒரு நாள் அழுத்தம் கூடும்போது உள்ளே இருக்கும் ஜெல்லி அந்த விரிசல் வழியாக வெளியே தள்ளும். பற்பசை டியூபை அழுத்தினால் பசை வெளியே வருவது போல. சாவியை எடுக்கக் குனிந்தது கடைசி நிமிடக் காரணம் மட்டுமே. விரிசல் பல வருடங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும்.

முதுகில் பிரச்னை, காலில் ஏன் வலி?

மூளையிலிருந்து வரும் தண்டுவடம் கீழ்முதுகின் முதல் அல்லது இரண்டாவது எலும்பு அருகே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் குதிரையின் வால் போலக் கொத்தாக இறங்குகின்றன. அவற்றிலிருந்து ஒவ்வொரு எலும்பு மட்டத்திலும் இருபக்கமும் நரம்புகள் பிரிந்து காலுக்குச் செல்கின்றன. சில நரம்புகள் ஒன்றுசேர்ந்து உருவாவதுதான் சயாட்டிக் நரம்பு. உடலிலேயே தடிமனான நரம்பு இது.

டிஸ்க்கின் பின்பக்க நடுவில் ஒரு தசைநார் பலமாகக் காவல் காக்கிறது. ஓரங்களில் அந்தக் காவல் குறைவு. அதனால் ஜெல்லி பெரும்பாலும் பின்பக்க ஓரமாகவே பிதுங்கும். நரம்பு வேர் போவதும் அதே இடம்தான்.

வலிக்கு அழுத்தம் மட்டும் காரணமல்ல. வெளியே வந்த ஜெல்லியில் உள்ள ரசாயனங்கள் நரம்பைச் சுற்றி வீக்கத்தை உண்டாக்குகின்றன. அதனால்தான் சின்னப் பிதுக்கம் சிலரைப் படுக்க வைக்கிறது, பெரிய பிதுக்கம் சிலரை ஒன்றும் செய்வதில்லை.

கீழ்முதுகில் வரும் பிதுக்கங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் வருகின்றன. எந்த நரம்பு அழுத்தப்படுகிறது என்பதை அறிகுறியை வைத்தே மருத்துவர் ஓரளவு கணித்துவிடுவார்.

• எல்5 நரம்பு: பாதத்தின் மேல்பக்கமும் கட்டைவிரலும் மரத்துப் போகும். கட்டைவிரலை மேலே தூக்குவது கஷ்டமாகும். முற்றினால் நடக்கும்போது பாதம் தொங்கும், செருப்பு நழுவும்.

• எஸ்1 நரம்பு: குதிகால், பாதத்தின் வெளி ஓரம், உள்ளங்காலில் மரப்பு இருக்கும். நுனிக்காலில் நிற்க முடியாது.

• எல்4 நரம்பு: தொடையின் முன்பக்கத்திலும் காலின் உள்பக்கத்திலும் வலி வரும். முழங்காலை நீட்டும் பலம் குறையும்.

முதுகுவலியைவிடக் கால்வலி அதிகமாக இருப்பது, இருமினாலும் தும்மினாலும் வலி காலுக்கு 'சுரீர்' என்று போவது, உட்கார்ந்தால் கூடுவது ஆகியவை டிஸ்க் பிரச்னைக்கான முக்கிய அடையாளங்கள். மல்லாக்கப் படுத்திருக்கும்போது மருத்துவர் காலை நீட்டியபடி மெதுவாக உயர்த்துவார். 30 முதல் 70 டிகிரிக்குள் முழங்காலுக்குக் கீழே வலி ஓடினால் சந்தேகம் வலுக்கும்.

கழுத்து டிஸ்க் பிதுங்கினால் வலி தோள்பட்டை வழியாகக் கைக்குப் போகும். சட்டைப் பட்டன் போடத் தடுமாறுவது, நடை தள்ளாடுவது போன்றவை சேர்ந்தால் தண்டுவடமே அழுத்தப்படுகிறது என்று அர்த்தம். உடனே காட்ட வேண்டும்.

யாருக்கு வருகிறது?

30 முதல் 50 வயதுக்குள் இருப்பவர்களுக்கே அதிகம். பெண்களைவிட ஆண்களுக்குக் கூடுதல். உடல் பருமன், புகைப்பழக்கம், அடிக்கடி குனிந்து பாரம் தூக்கும் வேலை, மணிக்கணக்கில் வண்டி ஓட்டுவது ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. பரம்பரைக்கும் பெரிய பங்கு உண்டு. குடும்பத்தில் இளவயதிலேயே டிஸ்க் பிரச்னை இருந்தால் மற்றவர்களும் கவனமாக இருக்க வேண்டும்.

பாரம் எப்படி முதுகைத் தாக்குகிறது என்பதற்கு ஒரு எளிய கணக்கு. 15 லிட்டர் பிடிக்கும் குடத்தில் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. முதுகுத் தசைகள் டிஸ்க்கின் மையத்திலிருந்து சுமார் 5 செ.மீ. பின்னால்தான் இருக்கின்றன. குடத்தை உடலிலிருந்து 40 செ.மீ. தள்ளிப் பிடித்துத் தூக்கினால், அதைச் சமன்செய்ய அந்தத் தசைகள் 8 மடங்கு, அதாவது 120 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அந்த இழுவை முழுக்க டிஸ்க்கின் மேல் விழுகிறது. அதே குடத்தை 20 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவந்தால் இழுவை பாதியாகிவிடும். வீட்டு காஸ் சிலிண்டரில் காஸ் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 30 கிலோ. தள்ளி நின்று தூக்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் கண்டுபிடித்தது யார்?

சயாட்டிகா வலி பல நூற்றாண்டுகளாகத் தெரிந்ததுதான். ஆனால் அதற்கு டிஸ்க் காரணம் என்பது தெரியாது. ஆபரேஷனில் எடுக்கப்பட்ட ஜெல்லித் துண்டுகளைக் குருத்தெலும்புக் கட்டி என்றே மருத்துவர்கள் நினைத்தார்கள். அமெரிக்காவின் பாஸ்டனைச் சேர்ந்த வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார் என்ற இரு அறுவை மருத்துவர்கள் 1934-ல் வெளியிட்ட கட்டுரைதான் இதைத் தெளிவாக்கியது. அது கட்டி அல்ல, கிழிந்த டிஸ்க்கிலிருந்து வந்தது என்று அவர்கள் காட்டினார்கள். இன்றைய டிஸ்க் ஆபரேஷனின் தொடக்கம் அங்கேதான்.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படலாமா?

எக்ஸ்-ரேயில் எலும்பு தெரியும், டிஸ்க் தெரியாது. டிஸ்க்கையும் நரம்பையும் தெளிவாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். அந்த ரிப்போர்ட்டில் அடிக்கடி வரும் சொற்களுக்கு அர்த்தம் இதுதான்.

• டெசிக்கேஷன்: டிஸ்க்கில் தண்ணீர் குறைந்திருக்கிறது. வயதோடு வரும் மாற்றம்.

• பல்ஜ்: டிஸ்க் சுற்றிலும் லேசாகப் புடைத்திருக்கிறது.

• புரொட்ரூஷன்: ஒரு பக்கமாகப் பிதுங்கியிருக்கிறது. வெளி நார்கள் இன்னும் தாங்கிப் பிடித்திருக்கின்றன.

• எக்ஸ்ட்ரூஷன்: நார் கிழிந்து ஜெல்லி வெளியே வந்துவிட்டது.

• சீக்வெஸ்ட்ரேஷன்: வெளியே வந்த துண்டு டிஸ்க்கிலிருந்து பிரிந்து தனியாகிவிட்டது.

ஆனால் ஸ்கேனில் இருப்பதெல்லாம் நோய் அல்ல. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்த ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது. 80 வயதில் அது 84 சதவீதம். ஒருவருக்கும் வலி இல்லை. தலைமுடி நரைப்பது போல, முதுகுக்குள்ளும் ஒரு நரை உண்டு என்று புரிந்துகொள்ளலாம்.

அதனால் ரிப்போர்ட்டில் உள்ள இடமும், கால் வலிக்கிற பக்கமும், மருத்துவர் பரிசோதனையில் கண்டதும் மூன்றும் ஒத்துப் போனால்தான் டிஸ்க்கைக் காரணம் என்று சொல்ல முடியும். ரிப்போர்ட்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி 'ஆபரேஷனா, இல்லையா' என்று முடிவெடுப்பது சரியல்ல.

தானாகவே சரியாகுமா?

ஆகும். டிஸ்க் பிதுங்கியவர்களில் பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரங்களுக்குள் கால்வலி நன்றாகக் குறைந்துவிடுகிறது. வெளியே வந்த ஜெல்லியை உடல் அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. ரத்தத்தில் உள்ள 'துப்புரவு' செல்கள் வந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து அகற்றிவிடுகின்றன.

ஆச்சரியம் என்னவென்றால், பிதுக்கம் பெரிதாக இருந்தால்தான் கரைய வாய்ப்பு அதிகம். 2015-ல் வெளியான இன்னொரு ஆய்வுத் தொகுப்பின்படி, தனியாகப் பிரிந்த துண்டுகளில் 96 சதவீதமும், எக்ஸ்ட்ரூஷனில் 70 சதவீதமும் ஆபரேஷன் இல்லாமலே சுருங்கின. வெறும் பல்ஜில் அது 13 சதவீதம்தான். கேட்கப் பயமாக இருக்கும் சொல்லே பல நேரம் நல்ல செய்தி.

ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

மேலே சொன்ன குதிரை வால் நரம்புக் கொத்து மொத்தமாக நசுங்கும் நிலை அரிதாக வரும். அப்போது இவை தெரியும்:

• சிறுநீர் வராமல் அடைப்பது, அல்லது தெரியாமலே போய்விடுவது

• மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது

• சைக்கிள் சீட்டில் படும் பகுதி, அதாவது பிறப்புறுப்பு, ஆசனவாயைச் சுற்றி மரத்துப் போவது

• இரண்டு கால்களிலும் வலியோ பலவீனமோ வருவது

• பாதம் திடீரென்று தொங்கிப் போவது, பலவீனம் நாளுக்கு நாள் கூடுவது

இது அவசர நிலை. இரவானாலும் ஞாயிற்றுக்கிழமையானாலும் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும், தேவைப்பட்டால் 108-ஐ அழைக்கலாம். 48 மணி நேரத்துக்குள், முடிந்தவரை அதற்கும் முன்பே, அழுத்தத்தை அகற்றினால்தான் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்ப வாய்ப்பு அதிகம். பலர் தாமதிப்பதற்குக் காரணம் கூச்சம். "இடுப்பு வலிக்கு வந்துட்டு ஒண்ணுக்குப் போறதைப் பத்தி எப்படிச் சொல்றது" என்று மறைத்துவிடுகிறார்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

முதுகுவலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, படுத்தாலும் குறையாத இரவு வலி இருந்தால் அது டிஸ்க்காக இல்லாமல் முதுகெலும்புக் காசநோய் போன்ற வேறு நோயாகவும் இருக்கலாம். புற்றுநோய் இருந்தவர்கள், கீழே விழுந்து அடிபட்டவர்களும் காத்திருக்கக் கூடாது.

முதல் சில வாரங்களில் என்ன செய்யலாம்?

முன்பெல்லாம் மூன்று வாரம், ஒரு மாதம் 'பெட் ரெஸ்ட்' சொல்வார்கள். இப்போது அந்த அறிவுரை மாறிவிட்டது. 1986-ல் அமெரிக்காவில், நரம்பு பாதிப்பு இல்லாத முதுகுவலிக்காரர்களிடம் நடந்த ஆய்வில், 7 நாள் படுக்கச் சொன்னவர்களும் 2 நாள் படுக்கச் சொன்னவர்களும் ஒரே மாதிரிதான் குணமானார்கள். 2 நாள்காரர்கள் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள். படுத்தே கிடந்தால் தசை பலவீனமாகும், மூட்டு இறுகும். அதனால்:

• வலி உச்சத்தில் இருக்கும் ஓரிரு நாள் மட்டும் ஓய்வு. முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து மல்லாந்தோ, கால்களுக்கு நடுவே தலையணை வைத்து ஒருக்களித்தோ படுக்கலாம்.

• அதன்பிறகு வலி தாங்கும் அளவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும்.

• தரையில் சம்மணம் போட்டு உட்காருவது, குனிந்து பெருக்குவது, பாரம் தூக்குவது, மேடு பள்ளத்தில் பைக் ஓட்டுவது ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும்.

• வலி மாத்திரைகளை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் எடுக்க வேண்டும். மெடிக்கலில் தானாக வாங்கி மாதக்கணக்கில் போட்டால் வயிற்றுப்புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம்.

• இடுப்பு பெல்ட் சில நாள் துணைதான். அதையே நம்பி மாதக்கணக்கில் கட்டினால் முதுகுத் தசைகள் சோம்பிவிடும்.

• வலி தணியத் தொடங்கியதும் பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தரும் பயிற்சிகளை ஆரம்பிக்கலாம். யூடியூப் பார்த்து எல்லாப் பயிற்சியையும் செய்யக் கூடாது. ஒருவருக்கு உதவும் பயிற்சி இன்னொருவருக்கு வலியைக் கூட்டலாம். கால்வலி கீழிருந்து மேலே ஏறி முதுகோடு நின்றால் நல்ல அறிகுறி. மேலும் கீழே இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்த வேண்டும்.

சுளுக்கு எடுக்கலாமா, மிதிக்கச் சொல்லலாமா?

முதுகு பிடித்துக்கொண்டால் சுளுக்கு எடுப்பவரிடம் போவதும், குழந்தைகளை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வதும் பல வீடுகளில் வழக்கம். வெறும் தசைப்பிடிப்பு என்றால் லேசாக நீவிவிடுவது இதமாக இருக்கலாம். ஆனால் காலில் மரப்போ பலவீனமோ இருக்கும்போது முதுகை முறுக்குவதும் மிதிப்பதும் பிதுக்கத்தை மோசமாக்கலாம். 'படக்' என்று சத்தம் வந்தால் டிஸ்க் உள்ளே போய்விட்டது என்று அர்த்தமில்லை. அது மூட்டிலிருந்து வரும் சத்தம்.

ஆபரேஷன் யாருக்குத் தேவை?

அவசர அறிகுறிகள் உள்ளவர்களுக்கும், கால் பலவீனம் கூடிக்கொண்டே போகிறவர்களுக்கும் தள்ளிப்போடக் கூடாது. மற்றவர்களுக்கு, 6 முதல் 12 வாரம் முறையான சிகிச்சை எடுத்தும் கால்வலி தாங்க முடியவில்லை என்றால் யோசிக்கலாம். இடையில் சிலருக்கு நரம்பு வேர் அருகே ஸ்டீராய்டு ஊசி போடப்படும். அது சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும், டிஸ்க்கைச் சரிசெய்யாது.

இதில் நெதர்லாந்தில் நடந்து 2007-ல் வெளியான ஓர் ஆய்வு முக்கியமானது. 6 முதல் 12 வாரமாகக் கடும் சயாட்டிகா வலி இருந்த 283 பேரில் ஒரு பாதிக்குச் சீக்கிரம் ஆபரேஷன் என்றும், மறு பாதிக்குக் காத்திருப்பது என்றும் முடிவானது. ஆபரேஷன் குழுவில் வலி வேகமாகக் குறைந்தது. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு குழுவிலும் 95 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அதாவது, அவசர நிலை இல்லாதவர்களுக்கு ஆபரேஷன் என்பது சீக்கிரம் வலி குறையும் வழி. வேலை, வருமானம், வலி தாங்கும் சக்தி எல்லாவற்றையும் வைத்து மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம். "இப்பவே பண்ணலைன்னா கால் போயிடும்" என்று பலவீனம் எதுவும் இல்லாத ஒருவரிடம் யாராவது சொன்னால், இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்பதில் தவறில்லை.

இன்று பரவலாகச் செய்யப்படுவது மைக்ரோ டிஸ்செக்டமி. சின்ன வெட்டு வழியாக மைக்ராஸ்கோப் உதவியோடு, நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுப்பார்கள். முழு டிஸ்க்கையும் எடுப்பதில்லை. பெரும்பாலும் மறுநாளே நடக்க வைப்பார்கள். கால்வலிக்கு இது நன்றாக வேலை செய்யும், முதுகுவலி மட்டும் இருப்பவர்களுக்கு அந்த அளவுக்குப் பலன் தராது. மரப்பு போக மாதங்கள் ஆகலாம். அதே டிஸ்க் மறுபடி பிதுங்கும் வாய்ப்பும் கொஞ்சம் உண்டு.

மறுபடி வராமல் இருக்க...

• பாரம் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி, பொருளை உடலோடு ஒட்டிப் பிடித்துத் தூக்க வேண்டும். தூக்கியபடி இடுப்பைத் திருப்பக் கூடாது. காலை நகர்த்தித் திரும்ப வேண்டும்.

• காலையில் எழுந்ததும் டிஸ்க் தண்ணீர் ஊறி விறைப்பாக இருக்கும். அந்த நேரத்தில் குனிந்து பாரம் தூக்குவதைத் தவிர்க்கலாம்.

• அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடக்கலாம். நீண்ட தூரம் வண்டி ஓட்டுபவர்கள் இடையில் இறங்கி நிற்க வேண்டும்.

• சிகரெட், பீடியை விட வேண்டும். ஏற்கெனவே குறைவாக இருக்கும் டிஸ்க்கின் சத்து வரத்தைப் புகை இன்னும் குறைக்கிறது.

• தினமும் நடைப்பயிற்சி, வயிற்றுத் தசைகளுக்கும் முதுகுத் தசைகளுக்கும் பயிற்சி. வலி போன பிறகும் தொடர வேண்டும்.

மூட்டை தூக்குபவருக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் 'பாரம் தூக்காதே' என்று சொல்வது எளிது, அவர்களால் முடியாது. அவர்களுக்கு உதவக்கூடியது ஒரே மூட்டையை இருவராகத் தூக்குவது, தள்ளுவண்டி பயன்படுத்துவது, வலி வந்த வாரத்தில் இலகுவான வேலை கிடைப்பது. இது நோயாளி மட்டும் செய்யக்கூடியதல்ல, வேலை கொடுப்பவரும் மனம் வைக்க வேண்டிய விஷயம்.

சுருக்கமாகச் சொன்னால், கால்வலி மட்டும் என்றால் பொறுமையாகச் சிகிச்சை எடுக்கலாம், நடந்துகொண்டே இருக்கலாம். கால் பலம் குறைந்தாலோ, சிறுநீரில் மாற்றம் தெரிந்தாலோ விடியும் வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

இந்தக் கட்டுரை பொதுவான புரிதலுக்கானது. சிகிச்சைக்கு உங்கள் மருத்துவரை நேரில் அணுகவும்.